இலக்கணத்தை மறைத்து விற்கப்படும் கருவிகள்

‘நன்னூல் நடத்துகிற ஆளுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு ஐயா?’ என்று எங்கள் கல்லூரியின் கணிப்பொறித் துறை நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். என் கையில் அப்போது ஒரு நெட்வொர்க் கார்டு இருந்தது. கேலியாகத்தான் கேட்டார், நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் இன்னமும் உறுத்திக்கொண்டிருக்கிறது. ‘ஒத்துவரவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு, விலை கூடியதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் காரணம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.’ காரணம் கேட்காதே என்று ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் சொல்லலாமா? அந்த ஆற்றாமையில் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து சற்றே விலகி எங்கள் வீடு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடமென்று மரபு சொல்லும் இந்த ஊரிலும் இன்று வீட்டுக்கு வீடு அகலப்பட்டை இணைப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான்கு கைப்பேசிகள், மகளின் மடிக்கணினி, வாசலில் ஒரு கண்காணிப்புக் கேமரா, பல ஆண்டுகளாக நான் வருடிச் சேர்த்த சிற்றிதழ்ப் பக்கங்கள் நிறைந்த ஒரு வன்தட்டு ஆகியவை அந்த ஒற்றை இணைப்பில் தொங்குகின்றன. இவற்றிலிருந்து இரவில் என்ன வெளியே போகிறது, யார் உள்ளே வரப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பினேன். பரணில் கிடந்த பழைய கணிப்பொறியைத் தீயரணாக மாற்ற முடிவு செய்தேன்.

தீயரண் என்பது வாயிற்காவலன். வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, போவதையும் வருவதையும் சோதித்து அனுப்பும். எனவே அதற்கு இரண்டு வாசல்கள் வேண்டும், அதாவது இரண்டு நெட்வொர்க் இணைப்புகள். பழைய கணிப்பொறியில் இருந்தது ஒன்று. மென்பொருளுக்குப் பஞ்சமில்லை, பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து 2015இல் பிரிந்த ஓபிஎன்சென்ஸ் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டாவது வாசலுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கார்டு வாங்கினேன். ஒத்துவரும் என்று பலரும் எழுதியிருந்த அதே பெயர், அதே எண்.

முதல் நாள் நன்றாகவே ஓடியது. பெரிய கோப்பு ஒன்றை அனுப்பியதும் இணைப்பு உறைந்தது. திரையில் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது: அட்டையிடமிருந்து குறித்த நேரத்துக்குள் பதில் இல்லை. மூன்று இரவுகள் போன பிறகுதான் உண்மை புலப்பட்டது. பெட்டியின் மேல் பெயர் பழையது. உள்ளே இருந்த சில்லு வேறு. திருத்தப் பதிப்பு என்பதற்கு அடையாளமாகப் பெட்டியின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு எழுத்து, அவ்வளவுதான். ஒரு நூலின் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறு நூலைக் கட்டி விற்றால் அந்தப் பதிப்பாளரை நாம் சும்மா விடுவோமா?

‘ஒத்துவரவில்லை’ என்ற சொல்லையே நான் ஐயுறுகிறேன். ஜாதகம் பொருந்தவில்லை என்பதுபோல, யார் மீதும் குற்றமில்லாத ஏதோ ஓர் இயற்கை நிகழ்ச்சி என்ற தொனி அதில் இருக்கிறது. உண்மை அதுவன்று. ஒவ்வொரு அட்டையும் தன்னைத் தயாரித்தவர் யார், தான் எந்த வகை என்று இரண்டு எண்களால் கணிப்பொறிக்கு அறிவித்துக்கொள்கிறது. இன்டெல்லின் எண் 8086. அதன் புகழ்பெற்ற பழைய செயலியின் பெயரும் அதுவே. ஆளைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, அவரோடு பேச மொழி தெரிய வேண்டும். அந்த மொழி பேசும் நிரலைத்தான் இயக்கி என்கிறோம். எந்தப் பதிவகத்தில் எதை எழுதினால் அட்டை என்ன செய்யும், எப்போது எப்படிப் பதில் தரும் என்பதே அந்த மொழியின் இலக்கணம். அதைச் சொல்லும் ஆவணத்தைத் தயாரிப்பாளர் வெளியிட்டால் எவரும் இயக்கி எழுதலாம். வெளியிடாவிட்டால், ஊமையின் சைகையைப் பார்த்து ஊகிப்பதுபோல, தன்னார்வலர்கள் இரவிரவாக ஊகித்து எழுத வேண்டும். ஊகம் பிழைக்கும் இடத்தில் என் வீட்டு இணைப்பு உறைகிறது.

‘அது தொழில் ரகசியம்’ என்பார்கள். சில்லை வார்ப்பது எப்படி என்று எவரும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளோடு பேசும் வழியைத்தான் கேட்கிறோம். இன்டெல் தன் ஈதர்நெட் சில்லுகள் பலவற்றின் ஆவணங்களை நூற்றுக்கணக்கான பக்கங்களில் பொதுவில் வைத்திருக்கிறது. அதனால் அதன் வியாபாரம் கெட்டதாகத் தெரியவில்லை. ‘அப்படியானால் இன்டெல் கார்டையே வாங்கு’ என்பது அடுத்த அறிவுரை. அந்த நற்பெயரை நம்பியே சந்தையில் போலிகள் உலவுகின்றன. மேலும், திறந்து வைப்பது ஒருவருடைய தனிச்சிறப்பாக இருக்கும்வரை மற்றவர்களுக்கு மூடி வைப்பதே வசதி.

வெளிப்படையாக இருந்தால் பிழையே வராதா என்று கேட்கலாம். வரும். 2008இல் லினக்ஸ் 2.6.27இன் சோதனைப் பதிப்புகள் இன்டெல்லின் சில நெட்வொர்க் சில்லுகளின் நினைவகத்தையே அழித்து அவற்றைப் பயனற்றவையாக்கின. எல்லோரும் இயக்கியைத்தான் சந்தேகித்தார்கள். அந்த அக்டோபரில், தொடர்பே இல்லாததாகத் தோன்றிய வேறொரு பகுதியில், கருவின் செயல்பாட்டைத் தடம் பார்க்கும் நிரலில், குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. மூலநிரல் முழுதும் எல்லோர் கண்முன்னும் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. மூடிய பெட்டியாக இருந்திருந்தால் ‘ஒத்துவரவில்லை’ என்று சொல்லிப் புதிதாக வாங்கியிருப்போம்.

நான் நிறுவிய தீயரணின் பிறப்பே இத்தகைய சச்சரவில்தான். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் முதலில் இருந்த ஐபிஃபில்டர் என்ற நிரலைத் திருத்தி வெளியிட உரிமம் இடம் தராது என்று 2001 மே மாதத்தில் தெரிந்ததும், அக்குழு அதைத் தூக்கி எறிந்தது. டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப் அவ்விடத்துக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 3.0 பதிப்பில் இடம்பெற்றது. பிஎஃப்சென்ஸ் என்ற பெயரின் முன்பாதி அதுதான். ‘காரணம் கேட்காதே’ என்று அவர்கள் அன்று அடங்கியிருந்தால் இன்று என் வாசலில் காவலன் இல்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? நம் மரபுக்கு இந்த நோய் பழக்கமானது என்பதால்தான். படிக்கவும் மாட்டாமல், கொடுக்கவும் மனமில்லாமல் ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களால் நாம் இழந்தது எவ்வளவு என்று நமக்குத் தெரியும். உ.வே.சா. 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றியதைக் கொண்டாடும் நாம், நம் காலத்துப் பூட்டிய பெட்டிகளுக்கு மட்டும் தலையாட்டுவது முரண்.

என் கோரிக்கை ஒன்றே. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியபோது, எல்காட் கொள்முதல் செய்த கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க நினைத்த அரசு, அதற்குள் இருக்கும் அட்டைகளின் ஆவணத்தையும் கேட்கலாம். பொதுப்பணத்தில் வாங்கும் எந்தக் கணினியானாலும், அதன் நெட்வொர்க் சில்லுக்கு ஆவணமோ மூலநிரலோடு கூடிய இயக்கியோ பொதுவில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி போதும். இலட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் தயாரிப்பாளர் தருவார். ரிச்சி தெருவில் ஒன்று வாங்கும் நான் கேட்டால் யார் மதிப்பார்கள்?

நண்பருக்கும் ஒரு செய்தி. ஆவணம் உள்ள சில்லோடு கூடிய பழைய கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டேன்; நன்றாக ஓடுகிறது. ஆக, வேறொன்று வாங்கு என்ற பாதி அறிவுரையை ஏற்றுக்கொண்டேன். காரணம் கேட்காதே என்ற மறுபாதியை மட்டும் உங்கள் மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.