ஒரு நாள் சறுக்கினால் ஆளே செத்தா போய்விட்டான்?

அம்மா, அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டு ஆம்பளை நாலு மாதம் சம்சுவைத் தொடவில்லை. கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார், கையில் கயிறு கட்டிக்கொண்டார். தீபாவளிக்கு முதல் நாள் ஒரு கிளாஸ் போட்டுவிட்டார். உடனே வீடே என்ன சொல்கிறது? "எல்லாம் போச்சு, இவன் திருந்தவே மாட்டான்!" அவரும் அப்படியே நினைக்கிறார். சத்தியம்தான் உடைந்துவிட்டதே, இனி ஒன்று என்ன, பத்து என்ன? மறுநாள் பாட்டிலோடு உட்கார்ந்துவிடுகிறார்.

அந்த 120 நாளை அழித்தது யார்? ஒரு கிளாஸா, நாமா?

இனிப்பு நீர் உள்ளவர் ஒரு நாள் லட்டு தின்றால் மருந்தையா நிறுத்தச் சொல்கிறோம்? குடியும் நோய்தான். விழுவதும் எழுவதும் அதில் உண்டு.

நமக்கு ஏன் இத்தனை ஆத்திரம் தெரியுமா? "குடிகார இனம்" என்று நம்மைச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கறையைத் துடைக்க நம்ம ஆள் ஒரே நாளில் மகானாகிவிட வேண்டும்! தோட்டத்தில் கள்ளுக்கடை வைத்தது துரைமார் காலத்து ஏற்பாடு. 1941ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தை அனுப்பினான், சுட்டான். அதைப் பற்றி எவனும் பேசுவதில்லை, பழி மட்டும் நமக்கு.

சட்டமும் இப்படித்தான். 1952 அபாயகர மருந்துச் சட்டத்தின் 39சி பிரிவில் என்ன எழுதி வைத்தார்கள்? இரண்டு முறை மறுவாழ்வு மையம் போனவன் மறுபடி பிடிபட்டுக் குற்றம் நிரூபணமானால் 5 முதல் 7 ஆண்டு சிறை, மேலே ரோத்தான் அடி. விழுந்த நோயாளிக்கு ரோத்தானா? இதை நாங்கள் கோர்ட்டில் எதிர்த்துப் பேசுகிறோம். வீட்டிலும் அதே சட்டம் என்றால் நம்ம ஆள் எங்கேதான் போவார்?

அடியை வாங்கிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கை நீட்டினால் போலீசில் புகார் செய்யுங்கள், 1994 குடும்ப வன்முறைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று. தினமும் நிறையக் குடிப்பவரை "இன்றே முழுசா நிறுத்து, இல்லை வெளியே போ" என்று மிரட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

தீபாவளிக்கு மறுநாள் அவருக்கு இட்லி வையுங்கள். கிளினிக் அட்டையை எடுத்து அடுத்த தேதி என்றைக்கு என்று பாருங்கள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு நீங்களும் கூடப் போங்கள்.