கணினிப் படிப்பும் கல்லூரித் தேர்வும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நமது சங்கக் கட்டடத்துத் திண்ணையில் நூல் விலையும் கூலி விகிதமும் பின்னுக்குப் போய்விடுகின்றன. பாவு வாங்க வருகிறவரும், பயிர்க் கடனுக்கு மனு எழுத வருகிறவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எங்கே கிடைக்கும்?" இக்கேள்வி தவறானதன்று, ஆயினும் அது பாதிக் கேள்வியே. கிடைக்கக்கூடிய இடங்களுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் மறுபாதியை நாம் கேட்பதில்லை. கேட்காமையால் நேரும் நஷ்டம் குடும்பத்தோடு நிற்பதுமில்லை. சங்கத்தின் பேரேட்டிலும் ஏறிவிடுகிறது.

சென்ற ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். நமது அங்கத்தினர் ஒருவரின் மூத்த மகளுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் அரசினர் பொறியியற் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் இடம் கிடைத்தது. பஸ்ஸில் ஆறு மணி நேரப் பயணம்; விடுதியில் தங்கவேண்டும். "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்று வீட்டுப் பெரியவர்கள் மறுத்துவிட்டனர். கல்லூரி வண்டி தெருமுனைக்கே வருமென்ற காரணத்தால், அருகிலுள்ள தனியார் கல்லூரியொன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் அப்பெண் சேர்க்கப்பட்டாள். அரசினர் கல்லூரியில் நான்கு ஆண்டுகளுக்குப் போதுமான தொகை அங்கே முதலாண்டிலேயே செலவாயிற்று. பணம் எங்கிருந்து வந்தது? நமது சங்கத்தின் சிக்கன நிதியிலிருந்துதான். அந்தக் கடன் மனுவுக்கு ஒப்பமிட்ட நிர்வாகக் குழுவினருள் இதனை எழுதுகிறவனும் ஒருவன். எங்களில் எவரும் அப்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈடு சரியாயிருக்கிறதா, ஜாமீன் சரியாயிருக்கிறதா என்று மட்டுமே பார்த்தோம்.

ஆதலின் முதலில், அரசைச் சார்ந்த கல்வி நிலையங்கள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ளுதல் நலம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரியும், 1949-இல் குரோம்பேட்டையில் தோன்றிய எம்.ஐ.டி.யும் 1978-இல் நிறுவப்பெற்ற அண்ணா பல்கலைக் கழகத்தின் சொந்தத் துறைகள். விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி போன்ற ஊர்களில் அப்பல்கலைக் கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் உண்டு. கோயமுத்தூர், சேலம், திருநெல்வேலி, பர்கூர், வேலூர், ஈரோடு, காரைக்குடி முதலிய இடங்களில் இருப்பவை அரசினர் கல்லூரிகள். மதுரை தியாகராசர் கல்லூரியும் கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியும் அரசின் உதவி பெறுபவை. காரைக்குடிக் கல்லூரி 1952-இல் அழகப்பச் செட்டியாராலும், மதுரைக் கல்லூரி 1957-இல் கருமுத்து தியாகராசச் செட்டியாராலும் தொடங்கப்பெற்றவை. இருவரும் நூல் ஆலைகளில் பொருள் ஈட்டியவர்கள். பஞ்சும் நூலும் தந்த செல்வத்தில் எழுந்த வகுப்பறைகளுக்குள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தயங்கித் தயங்கி நுழையவேண்டியதில்லை என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன்.

இக்கல்லூரிகள் அனைத்திலும் முடிவில் பட்டம் வழங்குவது அண்ணா பல்கலைக் கழகந்தான். தன்னாட்சி பெற்ற கல்லூரி தானே பாடத்திட்டம் வகுத்துத் தானே வினாத்தாள் தயாரிக்கும்; மற்றவை பல்கலைக் கழகத்தின் பொதுப் பாடத்தையும் பொதுத் தேர்வையும் பின்பற்றும். இங்கே ஓர் எச்சரிக்கை. அரசு உதவி பெறும் கல்லூரியில் மட்டுமின்றி, பல்கலைக் கழகத்தின் சொந்தத் துறைகளிலுங்கூடச் சுயநிதிப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின் கட்டணம் வேறு. சேர்க்கைப் பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். கடன் பத்திரத்தைப் படிக்கும் கவனத்தோடு அந்தச் சிறிய எழுத்தையும் படிக்கவேண்டும்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். மதிப்பெண் மிக உயர்ந்த பிள்ளைக்குக் கிண்டியில் கணினிப் பிரிவே கிடைத்துவிடும். அப்பிள்ளைக்கு நமது யோசனை தேவையில்லை. அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைக்கே திண்டாட்டம். பெயர் பெற்ற கிண்டியில் சுரங்கவியலோ அச்சுத் தொழில்நுட்பமோ கிடைக்கும். சேலத்திலோ காரைக்குடியிலோ கணினி கிடைக்கும். எதனைக் கொள்வது? ஊரில் பெரும்பாலோர் கிண்டியென்றே சொல்வர். என் கருத்து வேறு. கணினியில் உள்ளபடியே நாட்டமுள்ள பிள்ளை, அப்படிப்பு உள்ள அரசினர் கல்லூரிக்கே போகவேண்டும். நான்கு ஆண்டுகள் விருப்பமற்ற பாடத்தைப் படித்துக்கொண்டு, இரவில் விடுதி அறையில் தனியாகக் கணினி கற்றுக்கொள்வது இரட்டைச் சுமை. அதனைச் சுமந்து வென்றவர்களும் உண்டு. ஆனால் அவர்களை மாதிரியாக வைத்து நம் பிள்ளைகளைப் பணயம் வைக்கலாகாது. கிண்டியில் மின்னணுவியல் கிடைக்குமாயின் மட்டும் நான் தயங்குவேன். அப்பாடம் கணினிக்கு நெருங்கிய உறவு. அதைப் பயின்றவர்களில் பலர் மென்பொருள் வேலைகளுக்கே செல்கின்றனர்.

இவ்வாறே, கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு என்று பல பெயர்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். நிரல் எழுதுதல், தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, தரவுத் தளம், வலையமைப்பு ஆகிய அடிப்படைப் பாடங்கள் இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொதுவானவை. புதிய பெயருக்காக நல்ல கல்லூரியை விட்டு நலிந்த கல்லூரிக்குப் போவது, கரையின் பளபளப்பைப் பார்த்துவிட்டு உடலின் நெருக்கத்தைப் பாராமல் சேலை வாங்குவதற்கு ஒப்பாகும்.

உடலின் நெருக்கத்தை எவ்வாறு அறிவது? கல்லூரியின் வாயில் வளைவும் விளம்பரமும் அதைச் சொல்லமாட்டா. நேரில் போகவேண்டும், இல்லையேல் அங்கே இரண்டாம், மூன்றாம் ஆண்டில் பயிலும் பிள்ளையைப் பிடித்துக் கேட்கவேண்டும். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? தரவுக் கட்டமைப்புப் பாடத்தை யார் எடுத்தார்? பருவம் முழுவதும் ஒரே ஆசிரியர் வந்தாரா, இடையில் மாறினாரா? கணிதத்துக்குத் தனி ஆசிரியர் உண்டா? கணினி என்பது பெட்டியைத் தட்டும் வேலையென்று எண்ணிச் சேர்ந்து, முதலாண்டுக் கணிதத்தில் அரியர் வைத்துத் தளர்ந்த பிள்ளைகளை நான் அறிவேன். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதற்பருவம் ஆங்கிலத்தாலும் கடினமாயிருக்கும். அந்த ஆறு மாதம் தோள் கொடுக்கும் ஆசிரியரோ மூத்த மாணவரோ இருக்கும் இடமே நல்ல இடம்.

ஆய்வுக்கூடத்தைப் பற்றி விசாரிப்போர் எத்தனை கணினிகள் உள்ளன என்று கேட்டு நின்றுவிடுகின்றனர். மாலை எத்தனை மணிவரை கதவு திறந்திருக்கும் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. வகுப்பு முடிந்தவுடன் பூட்டிவிடும் கூடத்தில் நூறு கணினிகள் இருந்தென்ன? பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கேட்கவேண்டும்: மகளிர் விடுதியின் கதவு எத்தனை மணிக்கு மூடப்படுகிறது? ஆய்வுக்கூடம் எட்டு மணிவரை திறந்திருந்து, விடுதிக் கதவு ஆறு மணிக்கே மூடப்படுமாயின், ஒரே கட்டணத்துக்கு ஆண் பிள்ளைக்குக் கிடைப்பதில் பாதியே பெண்ணுக்குக் கிடைக்கிறது.

பொறியியல் கிடைக்காத பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பாரதியார், பெரியார், பாரதிதாசன் முதலிய பல்கலைக் கழகங்களின் கீழுள்ள அரசினர் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.எஸ்ஸி. கணினி அறிவியல் படிப்பு வெகு சொற்பக் கட்டணத்தில் நடைபெறுகிறது. அதனைப் பொறியியல் கிடைக்காதவனின் ஆறுதல் பரிசு என்று இகழ்வது நம்மவர் வழக்கம். பி.எஸ்ஸி. முடித்தவர் பொது நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேரலாம், அப்படிப்பு இப்போது இரண்டே ஆண்டு, கிண்டியிலும் உண்டு. பதினெட்டு வயதில் மூடிய வாயில் இருபத்தொரு வயதில் மறுபடி திறக்கிறது. கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதைக் காட்டிலும் இவ்வழி நேர்மையானது, செலவும் குறைந்தது என்பேன். 1959-இல் நிறுவப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி., 2020 முதல் தரவு அறிவியல் படிப்பை இணைய வழியில் நடத்திவருகிறது. கலைக் கல்லூரியில் பயின்றுகொண்டே அதனையும் தொடரும் பிள்ளைகள் இருக்கின்றனர். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

கலந்தாய்வின் முறை எளிதுதான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை தருகின்றனர். விரும்பும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்தி இணையத்தில் பதியவேண்டும். 'மேலே எட்டாத கல்லூரியை எழுதினால் கீழே உள்ளதும் போய்விடும்' என்று அஞ்சிப் பலர் பட்டியலைச் சுருக்குகின்றனர். அந்த அச்சம் வீண். பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, தரவரிசைக்குக் கிட்டும் முதல் இடத்தைத் தருவதே முறை. ஆகவே உண்மையான விருப்பத்தின் வரிசையில், நீளமாகவே எழுதவேண்டும். சென்ற ஆண்டில் எந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்ற விவரமும் இணையத்தில் கிடைக்கிறது. இந்த வேலையை இணைய மையத்துப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மாவட்டந்தோறும் அரசின் சேவை மையங்கள் இருக்கின்றன, அங்கே கேட்கலாம்.

செலவைப் பற்றி. குடும்பத்தின் முதற் பட்டதாரிக்குக் கலந்தாய்வின் வழி சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே பயின்றவர்களுக்கு 2021-இல் வந்த 7.5 சதவிகித உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் உதவித் தொகை வழங்கும் திட்டங்கள் வந்தன. நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் கணத்தில் முதற் பட்டதாரிச் சலுகையும் உள்ஒதுக்கீட்டின் நன்மையும் கைவிட்டுப் போகின்றன. சென்ற ஆண்டு இதனை அந்தத் தகப்பனாருக்கு எடுத்துச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

"தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ஏறுமா?" என்று ஒரு முதியவர் என்னைக் கேட்டார். அவர் நாற்பது ஆண்டுகள் ஜக்கார்டு பெட்டியில் அட்டை கோத்தவர். அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு அமைத்த அந்த அட்டை முறையைத்தான் இங்கிலாந்தின் பாபேஜ் தமது கணக்கிடும் இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார் என்று கூறியபோது, அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எங்கள் கூலி பாக்கி நிறைய இருக்கிறதே" என்றார்.

வரும் பொதுப் பேரவையில் ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். கலந்தாய்வில் அரசினர் கல்லூரியிலோ பல்கலைக் கழகத் துறையிலோ இடம் பெற்ற பிள்ளைக்கு விடுதிச் செலவு, மடிக்கணினி ஆகியவற்றுக்காகக் குறைந்த வட்டியில் சங்கம் கடன் கொடுக்கவேண்டும். அத்தகைய இடத்தை விட்டுவிட்டு நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போவோரின் மனுவை, குடும்பத்தாரை நேரில் அழைத்துப் பேசிய பின்னரே குழு பரிசீலிக்கவேண்டும். இது தனி மனிதரின் உரிமையில் தலையிடுவதாகச் சிலர் சொல்லக்கூடும். நிதி எல்லோருடைய சேமிப்பு. கேள்வி கேட்கும் கடமை குழுவுக்கு உண்டு. மேலும், நம் ஊரிலிருந்து சேலத்திலும் கோவையிலும் காரைக்குடியிலும் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். விருப்பப் பட்டியல் பதியும் நாள்களுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர்களைச் சங்கக் கட்டடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம். பெற்றோர் பிள்ளைகளோடு வரவேண்டும்; பாட்டிமார்களையும் அழைத்து வருவது நல்லது, விடுதியைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் அவர்களுடையவை.

தீர்மானத்தை வழிமொழிய மேலே கூறிய அங்கத்தினரே முன்வந்திருக்கிறார். அவருடைய இளைய மகள் இவ்வாண்டு தேறியிருக்கிறாள்.