சரித்திரம் படித்த பெண்

சென்ற ஞாயிறு மாலை, முன்பு என்னிடம் படித்த பெண்ணொருத்தி தாயாருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். திருவொற்றியூர்க்காரி, சரித்திரத்தில் எம். ஏ. தேறியிருக்கிறாள். தாயார் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ஸார், இந்தப் படிப்புக்கு உத்தியோகம் உண்டா, இல்லையா? நீங்கள் சொல்லித்தானே சேர்த்தோம்!" என்று கேட்டுவிட்டார்.

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். பதில் தெரியாத உபாத்தியாயர்களுக்கு அது ஒரு சௌகரியம்.

"வாத்தியார் வேலைக்குப் போகலாமே?" என்றேன்.

"ராயபுரம் ஸ்டேஷனைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதன் கதையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா, ஸார்? அந்த ஆளாக இருக்கவே ஆசைப்படுகிறேன்" என்றாள் பெண்.

நியாயமான ஆசைதான். 1856 ஜூலை முதல் தேதி, தென்னிந்தியப் பொதுஜனங்களுக்கான முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. கட்டடம் இன்றும் நிற்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறார்கள்?

இந்தத் தொழிலுக்கு அமெரிக்காவில் 'பொது வரலாறு' என்று பெயர். 1976-ல் சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ராபர்ட் கெல்லி என்பவர் இதற்கென்றே பட்டமேற்படிப்பு ஒன்றைத் தொடங்கினார். காட்சிசாலை, நகரசபை, கம்பெனி எதுவானாலும் சரித்திரம் கற்றவனுக்கு அங்கே வேலை உண்டு என்பது அவர் கட்சி. மாணவர்கள் கட்டுரை எழுதினால் மட்டும் போதாது; வெளி ஸ்தாபனங்களில் உண்மையான வேலையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலோ பெரும்பாலும் பயிற்சி துண்டு துண்டாகக் கிடக்கிறது. கல்வெட்டு வாசிக்க, மாநிலத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பு. பழைய காகிதங்களைப் பேண, டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓராண்டுப் படிப்பு. காட்சிசாலை நிர்வாகத்துக்கு, 1952 முதல் பரோடா. மூன்றையும் முடிப்பதற்குள் பெண்ணுக்கு நரை கண்டுவிடும்! உத்தியோகங்களும் சொற்பமே. அதைத் தாயாரிடம் நான் மறைக்கவில்லை.

ஆனால் வடசென்னைக்கு இம்மூன்றும் போதா. திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் கற்பிக்க மண்டபம் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்குக் கல்வெட்டு ஏது? 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கிழவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வித்தையை யாராவது கற்றுத்தான் ஆகவேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இந்தப் பெண்ணின் தாத்தா துறைமுகத் தொழிலாளி. தம் சம்பளக் கணக்கையும், கப்பல்களின் பெயர்களையும் நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்திருந்தார். பத்தாம் வகுப்பில் அவள் அதில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். "பரீட்சை வருகிறதம்மா, பாடத்தைப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டன.

"அந்தக் குப்பையா?" என்றார் தாயார். பெண் ஒன்றும் பேசவில்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1670 முதலான தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. அவற்றில் துறைமுகத்தைப் பற்றியவற்றை ஆறு மாதம் படிக்கட்டும், அதற்குள் பட்டயப் படிப்புக்கு மனுப் போடட்டும் என்றேன். தாயார் ஒரு வருஷம் தவணை கொடுத்தார்.

வாசற்படி இறங்கியவர், திரும்பி நின்று, "மாமனாரோடு வேலை செய்தவர் ஒருவர் காசிமேட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம்" என்றார்.

பெண் பையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.