செய்ந்நன்றி மறத்தல்

பொங்கல் மலர்கள் வந்துவிட்டன. அவற்றில் தவறாமல் ஒரு வாக்கியம்: பொங்கல்தான் தமிழனின் 'தேங்க்ஸ்கிவிங்'. நம் விழாவுக்கு அமெரிக்க முத்திரை கிடைத்தாயிற்று. எழுதுகிறவர்கள் அந்த அசலைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1621-இல் பிளிமத்தில் வந்தேறிகளும் வாம்பனோவாக் பழங்குடியினரும் கூடிச் சாப்பிட்டது உண்மை. அதற்கு 'முதல் நன்றி விழா' என்று பெயர் ஒட்டியது 1841-இல் அலெக்ஸாண்டர் யங் எழுதிய ஓர் அடிக்குறிப்பு. 1863-இல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவில், லிங்கன் தேசம் முழுமைக்கும் ஒரு நன்றி நாளை அறிவித்தார். அந்த அறிக்கையில் பிளிமத் பற்றிப் பேச்சே இல்லை. நாடு உடைந்துகொண்டிருந்தது, எல்லோரும் உட்கார ஒரு பந்தி தேவைப்பட்டது. பூர்வகதை தேசக்கதையானது பிறகுதான். 1970-இல், 350-ஆம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பட்ட வாம்பனோவாக் இனத்தவர் பிராங்க் ஜேம்ஸின் உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு மறுத்தார்கள். அவர் அந்த நாளையே துக்க நாளாக்கினார்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? தை முதல் நாளே புத்தாண்டு என்று 2008-இல் சட்டம்; 2011-இல் ரத்து. சட்டசபை அர்த்தம் நிர்ணயிக்கிறது, கவிஞன் வாழ்த்து எழுதுகிறான். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் விளையும் கரும்பு, ரேஷன் கடையில் பரிசாகிறது. விளைவித்தவனே டோக்கனோடு கியூவில் நின்று நன்றி சொல்ல வேண்டியவனாகிறான்.

மேற்கே நிமிர்ந்தால் கல்வராயன் மலை. அங்கே மலையாளிப் பழங்குடியின் பயிர் சாமை. நெல் அறுவடையின் நாட்காட்டி கீழே உள்ளவர்களுடையது. 1976 வரை, அதாவது சுதந்திரத்துக்குப் பின்னும் 29 வருஷம், அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 2024-இல் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகே, உயர்நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்தது.

வள்ளுவரின் அதிகாரத் தலைப்பு 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது சொல்லப்படுவதல்ல, செய்யப்பட்ட நன்மை. 'தேங்க்ஸ்' என்ற பொருள் அந்தச் சொல்லின்மேல் பின்னால் ஏறியது. அறிதல் என்றால் யார் செய்தது, யாருக்கு, என்ன கூலிக்கு என்ற கணக்கும்தான். நம் மலர்க் கவிதைகளில் சூரியனுக்கு நன்றி உண்டு, மாட்டுக்கு உண்டு. கூலிக்காரன் மட்டும் வருவதில்லை. சூரியன் பங்கு கேட்காது, அது சௌகரியம்.

என்னிடமும் ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். கல்வராயன் மலையின் 1976 பற்றி எழுதட்டுமா என்றேன். விழாவுக்கு ஏற்றதாக ஏதாவது கொடுங்களேன் என்று பதில் வந்தது.