எந்தப் பதிப்பில் எத்தனையாம் பாட்டு?

ஆசிரியத் தொழிலில் யான் இழைத்த பிழையொன்றை இவ்விழா மலரில் ஒப்புக்கொள்ளுதல் தகும். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், கம்பராமாயணக் கட்டுரையொன்றில் சுந்தர காண்டத்துப் பாடலைப் படல எண்ணும் பாட்டெண்ணும் இட்டுக் காட்டியிருந்தான். என்னிடமிருந்த வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரைப்பதிப்பைப் புரட்டினேன். அவ்விடத்தில் வேறொரு பாட்டு இருந்தது. “மேற்கோள் பிழை” எனச் சிவப்பு மையால் எழுதிப் புள்ளியையும் குறைத்தேன். அவன் வாய் திறக்கவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு வாத்தியார் சொல்லை மறுத்துப் பேசுவது எளிதன்று. சில வாரங்களின் பின்னரே, அவன் அட்டனில் இரவல் வாங்கிப் படித்தது 1976ஆம் ஆண்டுச் சென்னைக் கம்பன் கழகப் பதிப்பு என அறிந்தேன். புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன், மனவுறுத்தல் தீரவில்லை.

கம்பன் பாடல்கள் 10,000க்கு மேற்பட்டவை. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் மட்டுமன்றிப் பாட்டுத் தொகையும் வேறுபடும். இடைச்செருகலென ஐயுற்றவற்றை ஒரு பதிப்பாசிரியர் மிகைப்பாடல்களெனப் பிரித்து வைப்பார். மற்றொருவர் நூலோடு சேர்த்தே அச்சிடுவார். ஒரு பாட்டு நீங்கினால் பின்வரும் எண்களெல்லாம் நகரும். சிலர் படலந்தோறும் ஒன்றிலிருந்து எண்ணுவர். சிலர் தொடரெண் இடுவர். படலத்தைப் பிரிக்கும் இடமுங்கூட எல்லார்க்கும் ஒன்றன்று.

கீதையைப் பாருங்கள். 13ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் அர்ச்சுனன் வினாவாக வரும் சுலோகம் சில பதிப்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதனால் அவ்வத்தியாயம் முழுவதும் ஓரெண் முன்பின்னாகும். மொத்தத் தொகையும் 700, 701 என வேறுபடும். திருக்குறளிலே பரிமேலழகர் வரிசை நிலைத்துவிட்டது. நாவலர் பெருமான் 1861இல் அச்சேற்றியதும் அவருரையே. எனினும் மணக்குடவருரையை விரித்தால் அதிகாரத்துள் குறள்கள் இடம் மாறி நிற்கக் காணலாம்.

மேனாட்டார் பிளேட்டோவின் நூல்களுக்கு, 1578இல் ஸ்தெபானுஸ் வெளியிட்ட பதிப்பின் பக்க எண்களையே இன்றும் ஓரத்தில் அச்சிடுகின்றனர். கம்பனுக்கும் அத்தகைய பொது எண் வேண்டுமென்பார் உளர். வரட்டும். ஆனால் மலையகத்துப் பாடசாலை அலுமாரிகளில் ஏற்கெனவே உள்ள பிரதிகளில் அவ்வெண்ணை யார் சென்று பொறிப்பார்?

அதுவரை பழைய வழக்கமே போதும் என்பது என் கருத்து. உரையாசிரியர்கள் எண் தந்து மேற்கோள் காட்டவில்லை; செய்யுளையோ அதன் தொடக்கத்தையோ தந்தனர். மாணாக்கரும் காண்டத்தின் பெயர், படலத்தின் பெயர், பாட்டின் முதற்குறிப்பு ஆகியவற்றை எழுதுக. எண் வேண்டுமாயின் பதிப்பின் பெயரோடு எழுதுக. “ஐந்தாம் நம்பர் மலை” என்றால் எந்தத் தோட்டத்து மலை என்று கேளாமல் நம்மூரில் எவரும் கூடையெடுத்துப் புறப்படார். ஆசிரியர்க்கும் ஒன்று சொல்வேன்: சிவப்பு மையைத் தொடுமுன், “எந்தப் பதிப்பு, தம்பி?” என்று கேளுங்கள்.

கல்லூரி நூலகத்துக்குக் கம்பராமாயணம் வழங்க எண்ணும் பழைய மாணவர்கள், அங்கு எப்பதிப்பு உள்ளதென முதலில் விசாரித்து, இல்லாத ஒன்றை வாங்கித் தருவார்களாக. முதற்குறிப்பு அகராதி உள்ள பிரதியாயின் மிக நன்று.