இன்சுலின் சொட்டுக்குக் காவல் யார்?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளியே எந்த நேரம் போனாலும் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் நம் மக்களைப் பார்க்கலாம். விக்கிரமசிங்கபுரத்து ஆலைத் தொழிலாளி, முக்கூடல் பீடித் தொழிலாளி, பிசான அறுவடையை விட்டுவிட்டு ஓடிவந்த சேரன்மகாதேவி விவசாயக் கூலி என்று எல்லோரும் அங்கே இருப்பார்கள். உள்ளே தங்கள் மனிதர் மூச்சுக் கருவியில் கிடக்கிறார். நர்ஸ் வெளியே வந்து, "இன்சுலின் போய்க்கிட்டிருக்கு" என்று சொல்கிறார். உடனே கேள்வி பிறக்கிறது: "அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாதே அம்மா, எதுக்கு இன்சுலின்?"

இந்தக் கேள்வி நியாயமானது. நிதானமாக உட்கார்ந்து பதில் சொல்ல அந்த நர்ஸுக்கு நேரமில்லை. ஆகவே நாம் சொல்கிறோம்.

கடும் காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, பெரிய ஆபரேஷன், விபத்து ஆகியவற்றில் எது வந்தாலும் உடல் அதை ஒரு யுத்தமாகவே எடுத்துக்கொள்கிறது. ஈரல் தன்னிடமுள்ள சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. அந்த நேரம் சுரக்கும் திரவங்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. உயிர் காக்கக் கொடுக்கும் ஸ்டிராய்டு மருந்தும் சர்க்கரையை மேலே தள்ளுகிறது. எனவே ஒருநாளும் நீரிழிவு இல்லாதவருக்கும் 250, 300 என்று ஏறிவிடும். அப்படியே விட்டால் புண் ஆறாது, கிருமி கொழுக்கும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை நோய் எத்தனை பேரின் கண்ணையும் உயிரையும் கொண்டுபோயிற்று என்பதை நாடே பார்த்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டிராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அந்தப் பூஞ்சை வேர் பிடித்தது. ஆக, இன்சுலின் அவசியமான மருந்து. அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே மருந்து, கவனம் தவறினால், சில மணி நேரத்தில் மனிதனைக் கொன்றுவிடும்.

1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் முதலானோர் இதைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த ஒரு சிறுவனுக்கு முதலில் கொடுத்தார்கள். அதன் காப்புரிமையை வெறும் ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். இன்று உலக இன்சுலின் சந்தையின் பெரும் பங்கு மூன்றே மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது என்பது வேறு கதை. அதைப் பின்னொரு சமயம் எழுதுவோம்.

சர்க்கரையை எவ்வளவுக்கு இறக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண டாக்டர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஆபரேஷன் நோயாளிகள் 1,548 பேரிடம் சோதித்தார்கள். சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையே இறுக்கிப் பிடித்தபோது, தீவிர சிகிச்சை வார்டில் சாவு நூற்றுக்கு 8 என்பதிலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. உலகமெங்கும் அதையே பின்பற்றத் தொடங்கினார்கள். பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளின் 42 ஆஸ்பத்திரிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2009-ல் வெளிவந்தது. இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளுக்குள் நூற்றுக்கு 27.5 பேர் இறந்தார்கள். 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 பேர். சர்க்கரை 40-க்கும் கீழே விழுந்த ஆபத்து ஒரு பக்கம் நூற்றுக்கு 6.8 பேருக்கு, மறுபக்கம் 0.5 பேருக்கு.

இதிலிருந்து தெரிவது என்ன? குறைய குறைய நல்லது என்ற எண்ணம் தவறு. இன்று பெரும்பாலோருக்கு 180-ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்கி, 140-க்கும் 180-க்கும் இடையே வைத்துக்கொள்வதே முறை. "160 இருக்கிறதே, ஏன் இன்னும் குறைக்கவில்லை?" என்று வார்டு வாசலில் நர்ஸிடம் சண்டை போடுகிற நம் தோழர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வயலில் வேலை செய்யும்போது சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். "ஒரு வாய் கருப்பட்டி கொடு" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். மயக்க மருந்தில் குழாயோடு கிடப்பவர் எப்படிக் கேட்பார்? அவருடைய மூளை சர்க்கரையின்றித் தவிப்பது வெளியே தெரியாது. அவருக்காகப் பேசக்கூடியது மணிக்கொரு முறை எடுக்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றுதான். சொட்டு தொடங்கிய புதிதில் ஒரு மணிக்கு ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்து கை கால் சில்லிட்டவருக்கு விரல் நுனி ரத்தம் பொய் சொல்லும். குழாய் வழி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் ஏறுகிற குழாயிலிருந்தே ரத்தம் எடுத்தால் இல்லாத சர்க்கரை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் கதை முடிந்தது. மூக்குக் குழாய் வழியாகப் போகும் கஞ்சியை ஸ்கேனுக்காக நிறுத்தினால், இன்சுலினையும் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், அடிக்கடி சர்க்கரை பார்க்கவும் வேண்டும். இன்சுலின் ரத்தத்திலுள்ள பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அதைப் பாராமல் விட்டால் இதயம் தடுமாறும்.

சீசாவிலும் ஊசியிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சீட்டில் 10 என்று எழுதி, பக்கத்தில் யூனிட் என்பதற்குப் பதில் 'யு' என்ற ஆங்கில எழுத்தைக் கிறுக்கினால் அது சுழியைப் போலத் தெரிந்து 100 ஆகிவிடும். எனவே 'யூனிட்' என்று முழுதாக எழுத வேண்டும். நரம்பு வழி சொட்டுக்கு ரெகுலர் இன்சுலின்தான். கலங்கலானது ஆகாது. தெளிவாக இருப்பதெல்லாம் ரெகுலருமல்ல; கிளார்ஜினும் தெளிவாகத்தான் இருக்கும். 50 மில்லி உப்பு நீரில் 50 யூனிட், அதாவது மில்லிக்கு ஒரு யூனிட், என்ற ஒரே கணக்கை வார்டு முழுவதும் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். கலப்பதை ஒரு நர்ஸ் செய்ய, இன்னொரு நர்ஸ் சரிபார்க்க வேண்டும். சொட்டை எண்ணி விடுவது கூடாது, பம்பு வேண்டும். பக்கத்திலேயே குளுக்கோஸ் ஊசி தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்வது யார்? நர்ஸ். எத்தனை நர்ஸ்? தீவிர சிகிச்சைப் படுக்கை ஒன்றுக்கு ஒரு ஷிப்டுக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவு ஷிப்டில் ஒரே பெண் நான்கைந்து படுக்கைகளைப் பார்க்கும் வார்டில், மணிக்கொரு பரிசோதனை என்பது காகிதத்தில்தான் நடக்கும். சரிபார்க்க இரண்டாவது ஆள் வேண்டும் என்கிறது விதி. இரண்டாவது ஆளே இல்லையென்றால் அந்த விதி எதற்கு? தறியில் ஒரே ஆளுக்குக் கூடுதல் தறிகளைக் கட்டினால் என்ன ஆகும் என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே அறுவது நூல், இங்கே அறுவது உயிர்.

அந்த நர்ஸ்களை சர்க்கார் எப்படி நடத்தியது? பரீட்சை எழுதித் தேர்வானவர்களை 2015 முதல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வைத்தது. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் சென்னையில் போராட்டத்தில் இறங்கிய பிறகுதான் வெளியுலகுக்கு அந்தக் கூலி தெரிந்தது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த ஒப்பந்த நர்ஸ்கள் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தொற்று போய்விட்டது, நீங்களும் போகலாம் என்பதுதான் அதன் பொருள். வார்டில் கைப்பழக்கம் பெற்றவர்களை வெளியே தள்ளிவிட்டுப் பம்பும் மானிட்டரும் வாங்கித் திறப்பு விழா நடத்துவது எந்த வகை நிர்வாகம்?

2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு மாத்திரை வீட்டுக்கே வருவதை நாம் வரவேற்கிறோம். சர்க்கரை வீட்டிலேயே கட்டுக்குள் இருந்தால் தீவிர வார்டுக்குப் போகும் கூட்டம் குறையும். ஆனால் காய்ச்சல் வந்ததும் "சாப்பாடு இறங்கலியே" என்று இன்சுலினைத் தாமாக அடியோடு நிறுத்திவிட்டு, ரத்தம் அமிலமாகி, மூச்சு வாங்கி ஆம்புலன்ஸில் வருகிறவர்களும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது வீட்டில் போடும் சீசாவையும் ஊசியையும் கையோடு கொண்டுவாருங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது ஊசி போட்டார் என்பதைச் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவருக்குத் தெரியாமல் எதையும் ஊட்டாதீர்கள். சர்க்கரை எவ்வளவு என்று நர்ஸைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; கோபமில்லாமல் கேளுங்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இது: நெல்லைச் சீமையின் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் எத்தனை, ஒவ்வொரு ஷிப்டிலும் அங்கே நிற்கும் நர்ஸ்கள் எத்தனை பேர் என்ற கணக்கை வார்டு வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். காலியிடங்களை நிரந்தர ஊதிய விகிதத்தில் நிரப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வாங்கும் இன்சுலின் ஒரே பலத்தில், அதற்குரிய ஊசியோடு மட்டும் வர வேண்டும். அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி வட்டாரத் தோழர்கள் தங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சென்று இந்தக் கணக்கைக் கேட்டு நமக்கு எழுதுங்கள். வருகிறதை வெளியிடுவோம்.