வாகனமும் நாமும்: உயர்த்திய ஜீப்புக்கு எந்த ஸ்ரியறிங்?



புதிதாக வந்து குடியேறும் நம்மவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு பழைய கொறொல்லா அல்லது சிவிக். வீட்டில் இருபது வயதுப் பிள்ளை இருந்தால் கதை வேறு. அவருக்கு ஜீப் றாங்ளர்தான் வேண்டும். அதுவும் முன்னைய சொந்தக்காரர் நான்கு அங்குலம் உயர்த்தி, 35 அங்குல ரயர் பூட்டி வைத்த ஜீப். வாங்கி ஓடத் தொடங்கியதும், "ஸ்ரியறிங் அலையுது, குழியில விழுந்தா பக்கத்துக்கு இழுக்குது" என்ற முறைப்பாடு வரும். கடைக்குப் போனால் நாலைந்து விதமான ஸ்ரியறிங் கிற்றுகளைக் காட்டுவார்கள். விலை சில நூறு டொலரில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதே இம்முறை நமது விடயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீப்பை உயர்த்தும்போது முதலில் கெடுவது கோணம். கோணத்தைத் திருத்தாமல் தடித்த தண்டை வாங்கிப் பூட்டினால் காசு போகும், அலைச்சல் போகாது.

உயர்த்தினால் என்ன நடக்கிறது?

றாங்ளரின் முன் சில்லுகள் இரண்டும் ஒரே முழு அச்சில் இருக்கின்றன. ஸ்ரியறிங் பெட்டி சசியில் பூட்டப்பட்டிருக்கும். அதில் தொங்கும் சிறு கை பிற்மன் ஆர்ம். அந்தக் கையிலிருந்து வலப்பக்கச் சில்லுக்குப் போகும் நீண்ட தண்டு டிறாக் லிங்க். இரு சில்லுகளும் சேர்ந்து திரும்பச் செய்வது ரை றொட். இவற்றைவிட, அச்சு பக்கவாட்டில் நகராமல் சசியோடு பிடித்து வைக்கும் ஒரு தண்டும் உண்டு. கராஜில் ட்ராக் பார் என்பார்கள். டிறாக் லிங்கோடு குழம்பாமல் இருக்க, இங்கே அதைக் குறுக்குத் தண்டு என்றே எழுதுகிறேன்.

டிறாக் லிங்கும் குறுக்குத் தண்டும் ஒரே சரிவிலும் ஏறக்குறைய ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும். அப்போதுதான் அச்சு மேலும் கீழும் ஆடும்போது இரண்டும் ஒன்றாக அசையும். ஜீப்பை உயர்த்தினால் சசி மேலே போகும், அச்சு கீழே நிற்கும், இரண்டின் சரிவும் கூடும். இரண்டு சரிவும் வேறுபட்டுவிட்டால், நீங்கள் ஸ்ரியறிங்கைத் தொடாமலே ஒவ்வொரு குழியிலும் ஜீப் தானாகத் திரும்பப் பார்க்கும்.

அடுத்தது காஸ்ரர். ஸ்ரியறிங்கைத் தளர விட்டதும் சில்லு நேருக்கு வருவது இந்தச் சாய்வினால்தான். சைக்கிளின் முன்கவடு சாய்ந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உயர்த்தும்போது இச்சாய்வு குறைகிறது. இதனால் வரும் அலைச்சலை ஸ்ரியறிங் கிற் தீர்க்காது. அச்சைப் பிடித்திருக்கும் கொன்ட்ரோல் ஆர்ம்களைச் சரியான நீளத்துக்கு மாற்ற வேண்டும்.

உங்கள் ஜீப் எந்த ஆண்டு?

1997 முதல் 2006 வரை வந்த ரி.ஜே. றாங்ளரில் ரை றொட்டின் ஒரு முனை டிறாக் லிங்கிலேயே பூட்டப்பட்டிருக்கும். அச்சு ஆடும்போது இரு சில்லுகளும் ஒன்றையொன்று நோக்கும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். 33 அங்குல ரயரோடு அளவாக உயர்த்தியவர்கள், 1993 முதல் 1998 வரையான கிறாண்ட் செறோக்கியின் வி-8 எஞ்சின் வகையில் வந்த ரை றொட்டைத் தேடிப் பூட்டுவது பழைய சிக்கன வழி. ரி.ஜே.யில் வந்தது குழாய். இது உள்ளே வெற்றிடமில்லாத கம்பி. அதற்கு மேல் உயர்த்தியவர்களுக்கு, ரை றொட் ஒரு சில்லிலிருந்து மறு சில்லுக்கு நேரே போகும் வகைக் கிற் நல்லது.

2007 முதல் 2018 வரை வந்த ஜே.கே.யில் ரை றொட் ஏற்கனவே சில்லுக்குச் சில்லு நேராகத்தான் போகிறது. கல்லில் அடிபட்டு வளையாதிருக்கத் தடித்த ரை றொட் போடலாம். நன்றாக உயர்த்தியிருந்தால், டிறாக் லிங்கைச் சில்லுப் பக்கம் கீழிருந்து மேலுக்கு மாற்றும் கிற் சரிவைக் குறைக்கும். ஆனால் அதைச் செய்தால் குறுக்குத் தண்டின் அச்சுப் பக்க முனையையும் உயர்த்தியே ஆக வேண்டும். அதேபோல, தாழ்ந்த பிற்மன் ஆர்ம் பூட்டினால் குறுக்குத் தண்டின் சசிப் பக்க முனையையும் தாழ்த்த வேண்டும். "அது பிறகு செய்யலாம்" என்று யாராவது சொன்னால், முழுவதையும் பிறகு செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் முன்பு இருந்ததைவிட மோசமாகும்.

37 அங்குலமும் அதற்கு மேலும் ரயர் பூட்டிக் கற்பாறைகளில் ஏறுபவர்களுக்கு, எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் துணைச் சிலிண்டர் உதவும். கைக்கும் சில்லுக்கும் இடையிலான தண்டுத் தொடர்பை எடுத்துவிட்டு முழுவதும் எண்ணெயிலேயே இயங்கும் ஸ்ரியறிங்கும் விற்கிறார்கள். அது காட்டுக்கு மட்டும். குழாய் வெடித்தால் உங்கள் கைக்கும் சில்லுக்கும் தொடர்பே இருக்காது.

முனைகளையும் பாருங்கள். போட்டி வாகனங்களில் வரும் மூடாத உருண்டை ஜொயின்ற் பார்வைக்கு அழகு. ஆனால் இங்கே ஐந்து மாதம் றோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். நாளாந்தம் வேலைக்கு ஓடும் ஜீப்புக்கு றப்பர் உறையும் கிறீஸ் அடிக்கும் வாயும் உள்ள முனைகளே நின்று பிடிக்கும்.

நடுக்கம் வந்தால்

ஊரில் மொறிஸ் மைனரும் ஏ-40உம் ஓடியவர்களுக்கு ஸ்ரியறிங்கில் இரண்டு விரல் ஆட்டம் புதுமையல்ல. அந்த வேகத்துக்கு அது தாங்கியது. 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் தாங்காது. தேய்ந்த புஷ், தளர்ந்த போல்ற், ஆடும் பந்து மூட்டு, சமநிலை கெட்ட ரயர் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், பாலத்து இணைப்பில் ஒரு தட்டுப் பட்டதும் முன்பக்கம் முழுவதும் கையில் பிடிக்க முடியாதபடி உதறத் தொடங்கும். மரண நடுக்கம் என்று ஜீப்காரர் பெயர் வைத்தது சும்மா அல்ல. அப்படி வந்தால் பிறேக்கைச் சடுதியாக மிதிக்க வேண்டாம். ஸ்ரியறிங்கை உறுதியாகப் பிடித்து, காலை எடுத்து, வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

இதற்கு மருந்தாகப் பலர் விற்பது ஸ்ரியறிங் ஸ்ரபிலைசர் என்ற டாம்பர். அது நடுக்கத்தைச் சில மாதம் மறைக்கும். அதற்குள் தேய்ந்த புஷ் இன்னும் தேயும். தேய்ந்ததை மாற்றிய பின் புது டாம்பர் போடுங்கள், முன்னர் அல்ல.

வாங்குமுன் செய்யக்கூடிய சோதனை

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஜீப்பைச் சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிறேக் போட்டு, கியரைப் பார்க்கில் வைத்து எஞ்சினை இயக்குங்கள். ஒருவர் ஸ்ரியறிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்டட்டும். மற்றவர் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து, கையை உள்ளே விடாமல், ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். குறுக்குத் தண்டின் முனை அதன் இருப்பிடத்தில் அசைந்தால் அதுதான் முதற் குற்றவாளி. போல்ற் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதுத் தண்டு போட்டும் பயனில்லை. அந்தப் பிடிமானத்தையே திருத்த வேண்டும்.

ஆகவே செலவுக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேய்ந்த முனைகளும் புஷ்களும். இரண்டாவது குறுக்குத் தண்டின் சரிவும் காஸ்ரரும். மூன்றாவது தடித்த ரை றொட்டும் டிறாக் லிங்கும். முதலிரண்டும் முடிந்ததும் பலருக்கு மூன்றாவது தேவைப்படாமலே போகும்.

வேலை முடிந்ததும் அலைன்மென்ற் கட்டாயம். ஜே.கே.யில் ஸ்ரியறிங் நேராக நிற்காவிட்டால், வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவி நீங்கள் திரும்புவதாக எண்ணித் தானாகப் பிறேக் பிடிக்கலாம். என்ன மாற்றினீர்கள் என்பதை இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்தின்போது அதையே காரணம் காட்டக்கூடும். ஒன்ராறியோவில் பழைய வாகனத்துக்கு எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ், சோதித்த நாளின் நிலையைச் சொல்வது மட்டுமே. அது உத்தரவாதம் அல்ல. விற்பவர் அதைக் காட்டினாலும், உங்களுக்குத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கிடம் தனியாக ஒருமுறை காட்டி, "இந்த இரண்டு தண்டும் ஒரே சரிவிலா இருக்கு?" என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழிப்பவரிடம் ஜீப்பை விட வேண்டாம்.

பிள்ளையின் ஆசையைத் தடுக்கச் சொல்லவில்லை. வார இறுதியில் அந்த ஜீப்பில் அம்மாவும் தங்கச்சியும் கோயிலுக்குப் போகப்போகிறார்கள். உயரமும் ரயரும் றோட்டில் போகிறவர் கண்ணுக்கு. ஸ்ரியறிங் உள்ளே இருப்பவர்களுக்கு.